ஊமை டிவிடியைப் பேச வையுங்கள்!

"எனக்கு இதெல்லாம் வராதுங்க."

வீட்டில் மின்சாரத்தில் ஓடும் எது மக்கர் செய்தாலும் முதலில் வாயில் வருவது இந்த வாக்கியம்தான். கல்யாண டிவிடியைப் போடுகிறோம். படம் பளிச்சென்று வருகிறது. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புகிறார், தவில்காரர் கை பறக்கிறது, ஐயர் வாய் அசைகிறது. சத்தம் இல்லை. வால்யூமை முழுக்க ஏற்றுகிறோம். வயரைப் பிடுங்கிச் செருகுகிறோம். பிளேயர் தலையில் ஒரு தட்டு. பிறகு அந்த வாக்கியம். டிவிடி உறைக்குள் போகிறது, உறை பரணுக்குப் போகிறது. ஊஞ்சலில் மணமக்கள் ஆடும்போது பாட்டி பாடிய லாலியும் கூடவே பரணுக்குப் போகிறது.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏலச்சீட்டில் தள்ளுபடிக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கும் அத்தை, டிவிடி ஒலியில் வரும் 48 என்ற ஒரே ஒரு எண்ணுக்குப் பயப்படுவதா? முந்நூறு இலைக்குச் சாம்பார் கொதிக்கும்போது வாசனையை வைத்தே உப்பு போதாது என்று சொல்லிவிடும் சித்தப்பா, ஒரு பிளேயரின் செட்டப் மெனுவுக்குள் போகத் தயங்குவதா? "வராது" என்பது பணிவு இல்லை. பணிவு வேஷம் கட்டிய சோம்பல். கோபம் வருகிறதா? நல்லது. அந்தக் கோபத்தோடு பரணிலிருந்து டிவிடியை இறக்குங்கள். இன்றைக்கு அதைப் பேச வைக்கிறோம்.

முதலில் எதிராளியை அளந்து பாருங்கள். பிளேயர் என்கிற அந்தக் கறுப்புப் பெட்டிக்கு எல்லாம் தெரியும், நமக்கு ஒன்றும் தெரியாது என்றுதானே நினைக்கிறீர்கள்? தலைகீழ்! அதற்குத் தெரிந்தது மிக மிகக் கொஞ்சம். டிவிடி 1996-ல் சந்தைக்கு வந்தபோது எழுதிய விதிமுறைப்படி, வீடியோ டிவிடியில் நடைமுறையில் நான்கு வகை ஒலிதான் இருக்கலாம். சுருக்காத ஒலியான எல்பிசிஎம். டால்பி டிஜிட்டல் என்று எல்லோரும் சொல்லும் ஏசி-3. எம்பெக் குடும்பத்து எம்பி2. பிறகு டிடிஎஸ். இந்த நான்கிலும் டிடிஎஸ் என்பது விருப்பம் இருந்தால் வைத்துக்கொள்ளும் அயிட்டம். அதைப் பிளேயர் புரிந்துகொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நீங்கள் பாட்டுக் கேட்கும் எம்பி3 இந்தப் பட்டியலில் இல்லை. செல்போன் வீடியோவில் பெரும்பாலும் இருக்கும் ஏஏசியும் இல்லை.

இன்னொரு நிபந்தனை: ஒலி நொடிக்கு 48,000 மாதிரிகள் கொண்டதாக இருக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ் என்பது இதுதான். எல்பிசிஎம்முக்கு மட்டும் 96 கிலோஹெர்ட்ஸும் செல்லும். பாட்டு சிடியின் 44.1 செல்லாது. ஏசி-3 என்றால் நொடிக்கு 448 கிலோபிட்டுக்கு மேல் போகக் கூடாது. எம்பி2 என்றால் 384.

முடிந்தது. வீட்டில் செய்த டிவிடிகள் ஊமையாகக் கிடப்பதில் முக்கால்வாசிக்கு விளக்கம் இந்த இரண்டு பத்திக்குள் அடங்கிவிட்டது. மளிகைச் சீட்டில் இதைவிட அதிக வரிகள் இருக்கும். இதைக் கண்டா இத்தனை காலம் பின்வாங்கினீர்கள்?

"ஆனால் கம்ப்யூட்டரில் நன்றாகப் பாடுகிறதே!" என்பீர்கள். பாடும். அங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். கம்ப்யூட்டரில் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் விஎல்சி. 1996-ல் பிரான்சின் எக்கோல் சென்ட்ரால் பாரி கல்லூரி மாணவர்கள், விடுதி நெட்வொர்க்கில் வீடியோ ஓட்டுவதற்காகத் தொடங்கிய வேலை அது. 2001-ல் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஏறக்குறைய எல்லா வகை ஒலியையும் அவிழ்க்கும் வித்தையை அது தன்னோடேயே வைத்திருக்கிறது. ஆகவே டிவிடியில் விதிமுறைக்கு வெளியே உள்ள ஒலி இருந்தாலும் பாடிவிடும். விஎல்சியில் பாடுகிறது என்பதற்குப் பொருள், ஒலி அழிந்துபோகவில்லை, உள்ளே பத்திரமாக இருக்கிறது என்பதே. அதை எந்தப் பிளேயரும் பாடும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. மறுபக்கம், விண்டோஸ் 8 வந்த 2012 முதல் டிவிடி ஓட்டும் வசதியை விண்டோஸோடு சேர்த்துத் தருவதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் டிவிடி ஓடாவிட்டால் குற்றம் டிவிடியுடையது இல்லை.

இப்போது உள்ளே எட்டிப் பாருங்கள். டிவிடியைக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தால் இரண்டு ஃபோல்டர் தெரியும்: வீடியோ_டிஎஸ், ஆடியோ_டிஎஸ். ஆடியோ_டிஎஸ்ஸைத் திறந்தால் காலி. "பார்த்தீங்களா, சத்தமே பதிவாகலை!" என்று ஸ்டுடியோக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. சண்டை வேண்டாம். அந்த ஃபோல்டர் டிவிடி ஆடியோ என்ற வேறு வகைத் தட்டுக்காக ஒதுக்கியது. வீடியோ டிவிடியில் அது காலியாகத்தான் இருக்கும், இருக்க வேண்டும். உங்கள் நாதஸ்வரம் வீடியோ_டிஎஸ்ஸுக்குள், விஓபி என்று முடியும் பெரிய கோப்புகளில் படத்தோடு பின்னிக் கிடக்கிறது. விடிஎஸ்_01_1 என்று பெயர் இருக்கும் கோப்பை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இழுத்துப் போடுங்கள். ஒலியின் வகை, சானல் எண்ணிக்கை, கிலோஹெர்ட்ஸ், கிலோபிட் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நொடியிலிருந்து நீங்கள் ஊகம் செய்கிறவர் இல்லை, தெரிந்து பேசுகிறவர்.

இந்த இரண்டு ஃபோல்டரும் இல்லாமல் வெறும் எம்பி4 கோப்பு மட்டும் கிடக்கிறதா? அப்படியென்றால் அது வீடியோ டிவிடியே இல்லை, டேட்டா டிவிடி. கோப்பை இழுத்துப் போட்டு அப்படியே எரித்திருக்கிறார்கள். சில பிளேயர்கள் தயவு பண்ணிப் படத்தைக் காட்டும், ஏஏசி ஒலியைத் தெரியாது என்று விட்டுவிடும். இதற்குப் பிளேயரில் எந்த பட்டனைத் தட்டியும் பயன் இல்லை. முறையான வீடியோ டிவிடியாகத் திரும்பச் செய்வதுதான் வழி.

டிவிடிக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆனாலும் சத்தம் வரவில்லையா? திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் எலக்ட்ரீஷியன் என்ன செய்கிறார்? மொத்தத்தையும் கழற்றி எறிவதில்லை. ஒவ்வொரு பல்பாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வருகிறார். அதே வேலைதான் இங்கேயும். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். கடையில் வாங்கிய சினிமா டிவிடியை அதே பிளேயரில் போடுங்கள். பாடுகிறதா? பிளேயரும் வயரும் டிவியும் ஒரே அடியில் விடுதலை. பாடவில்லையா? உங்கள் டிவிடி நிரபராதி. பிறகு உங்கள் டிவிடியைப் பக்கத்து வீட்டுப் பிளேயரில் போடுங்கள். ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வந்தால் சிவப்பு, வெள்ளை வயர்களை டிவி முனையில் மட்டும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கமும் கூடவே மாறினால் தகராறு வயரிலோ அதற்கு முந்தியோ இருக்கிறது. மாறாமல் அதே பக்கம் கிடந்தால் டிவியில். ஐந்து ரூபாய் செலவில்லை. ஆனால் "என்னமோ ஆயிடுச்சு" என்று சொன்ன வாய், "வயர்ல இல்லை, டிஸ்க்ல இருக்கு" என்று சொல்லத் தொடங்கிவிடும். அந்த வித்தியாசத்தை அனுபவித்துப் பாருங்கள். முதுகு தானாக நிமிரும்.

ஒரு நோய்க்குறியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எத்தனையோ வீடுகளில் இது ஆட்டிப் படைத்திருக்கிறது. இசை கேட்கிறது, கைதட்டல் கேட்கிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை. அல்லது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. பிளேயரின் பின்புறம் பாருங்கள். ஆறு துளைகள் இருக்கிறதா? அது 5.1 ஒலிக்கானது: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நடுவில் ஒன்று, அதிர்வுக்கான சப்வூஃபர் ஒன்று. 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும்படி வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் முன்னால் இரண்டு துளையில் மட்டும் வயர் செருகி டிவிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். செட்டப் மெனுவிலோ 5.1 என்று வைத்திருக்கிறது. பேச்சு நேராக நடுத் துளைக்குப் போய், அங்கே வயர் இல்லாததால் காற்றோடு கலந்துவிடுகிறது. செட்டப்புக்குள் போய் டவுன்மிக்ஸ் என்ற இடத்தில் ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். ஆறு வழி ஒலியையும் பிளேயரே இரண்டு வழியாகக் கலந்து தரும். பேச்சு திரும்பி வரும். இதற்காகப் புது ஹோம் தியேட்டர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அதே மெனுவில் எஸ்பிடிஐஎஃப் அல்லது டிஜிட்டல் அவுட்புட் என்று ஒரு வரி இருக்கும். ரா, பிட்ஸ்ட்ரீம், பிசிஎம் என்று தேர்வுகள் இருக்கும். ரா அல்லது பிட்ஸ்ட்ரீம் என்றால் சுருக்கிய ஒலியை அவிழ்க்காமல் அப்படியே அடுத்த பெட்டிக்குத் தள்ளிவிடும். அவிழ்க்கத் தெரிந்த ஆம்ப்ளிஃபையர் இருந்தால்தான் அது சரி. ஹெச்டிஎம்ஐ வயரில் நேராக டிவிக்குக் கொடுத்திருந்தால் பிசிஎம் என்று வையுங்கள். பெரும்பாலான டிஜிட்டல் ஊமைகள் இங்கேயே வாய் திறக்கும். ரிமோட்டில் ஆடியோ என்ற பட்டனையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். டிவிடி ஒன்றில் எட்டு ஒலித்தடம் வரை இருக்கலாம். நீங்கள் யாரும் பேசாத தடத்தில் உட்கார்ந்திருக்கவும் கூடும்.

டிடிஎஸ் விஷயத்துக்கு வருகிறேன். பெயரைக் கேட்டாலே நமக்கு ஒரு மயக்கம் உண்டு. 1993-ல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு அது தியேட்டருக்கு வந்தபோது ஒலி ஃபிலிமில் இல்லை, தனியாக சிடியில் ஓடியது. ஃபிலிமின் ஓரத்தில் நேரக்குறிகள் மட்டும் இருக்கும். சிடி அதைப் பார்த்து இணைந்து ஓடும். குறி தவறினால் என்ன ஆகும்? அதே ஃபிலிமில் இருந்த பழைய ஒலித்தடத்துக்கு இயந்திரம் தாவிவிடும். எதிரொலி அதிர வைக்கும் டைனோசருக்கே ஒரு மாற்று ஏற்பாடு வைத்திருந்தார்கள்! ஆனால் நம் ஆட்கள், பெருமைக்காக வளைகாப்பு டிவிடியில் டிடிஎஸ் தடம் ஒன்றை மட்டும் வைத்துக் கொடுக்கிறார்கள். அவிழ்க்கத் தெரியாத பிளேயரில் அது சுத்த மௌனம். டிடிஎஸ் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது தடமாக. முதல் தடம் ஏசி-3 ஸ்டீரியோவாக இருக்கட்டும். என்னைக் கேட்டால், ஒரே மைக்கில் பதிந்த குரலை ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிப்பதே வீண் ஜம்பம். ஸ்டீரியோ போதும்.

இனி மூலத்துக்குப் போவோம். பழைய மினிடிவி கேமரா டேப்புகளை டிவிடி ஆக்குகிறவர்கள் கவனியுங்கள். அந்தக் கேமராக்களில் ஒலிப் பதிவுக்கு இரண்டு வழி உண்டு: 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், இல்லாவிட்டால் 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸ். பல கேமராக்கள் வாங்கும்போதே இரண்டாவதில்தான் வைத்திருக்கும், நாமும் தொட்டிருக்க மாட்டோம். 32-ல் பதிந்த ஒலியை 48 என்று தப்பாகப் புரிந்துகொண்டு ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். தாத்தாவின் ஆசீர்வாதம் ஆறு வயதுக் குழந்தை குரலில் வந்தால் விஷயம் இதுதான். பாட்டு சிடியிலிருந்து எடுத்த 44.1 ஒலியை அப்படியே 48 என்று ஓட்டினாலும் கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் வேகம் கூடும். சுருதி கிட்டத்தட்ட முக்கால் கட்டை ஏறி நிற்கும். சங்கீதம் தெரிந்த மாமா உடனே முகம் சுளிப்பார், நமக்கு ஏன் என்று தெரியாது. இனி தெரியும். எடிட்டிங் தொடங்கும்போதே ப்ராஜெக்டின் ஒலி மாதிரி வீதத்தை 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்து, எல்லாவற்றையும் அதற்கு முறையாக மாற்றி ரெண்டர் செய்யுங்கள். முறையாக மாற்றினால் சுருதியும் மாறாது, வேகமும் மாறாது.

இதைவிடக் கள்ளத்தனமான ஒன்று இருக்கிறது. முதல் வீடியோவில் சத்தம் வருகிறது, மெனுவுக்குப் போய் இரண்டாவதைத் தட்டினால் ஊமை. பலரும் இரண்டாவது கோப்பைத் திரும்பத் திரும்ப மாற்றிக் களைத்துப் போவார்கள். காரணம் வேறு. டிவிடியில் வீடியோக்களை டைட்டில் செட் என்ற தொகுதிகளாக அடுக்குகிறார்கள். ஒரு தொகுதிக்குள் இருக்கும் எல்லா வீடியோவுக்கும் ஒலி வகை ஒன்றாகவே இருக்க வேண்டும். முதலாவது ஏசி-3, இரண்டாவது எம்பி2 என்று ஒரே தொகுதிக்குள் கலந்து வைத்தால் பிளேயர் முதலாவதுக்குச் சொன்னதை நம்பிக்கொண்டு இரண்டாவதிலும் ஏசி-3-ஐத் தேடும். கிடைக்காது. வாயை மூடிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றுங்கள், அல்லது வகைக்கு ஒரு டைட்டில் செட் கொடுங்கள். டிவிடி ஸ்டைலர் என்ற இலவச மென்பொருளிலேயே அதற்கு வசதி இருக்கிறது.

இப்போது நான் சொல்லப் போவதைச் செய்தால், உங்கள் தெருவில் இந்த விஷயத்தில் உங்களை மிஞ்ச ஆள் இருக்காது. ஒரு சோதனை டிவிடி செய்யுங்கள். காசு கொடுத்து வாங்கிய படம் எதுவும் வேண்டாம். செல்போனில் உங்கள் குரலையே பதியுங்கள்: "நான் ஏசி-3 ஸ்டீரியோ." "நான் எம்பி2." "நான் எல்பிசிஎம்." "நான் டிடிஎஸ்." "நான் ஏசி-3, ஐந்து புள்ளி ஒன்று." ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். ஒவ்வொன்றையும் அதனதன் வகைக்கு மாற்றி, தனித்தனி டைட்டில் செட்டில் வைத்து, அழித்து எழுதும் டிவிடி-ஆர்டபிள்யூ ஒன்றில் எரியுங்கள். தவறினால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம், தட்டு வீணாகாது. அந்த டிவிடியோடு வீட்டுக்கு வீடு போங்கள். உங்கள் பிளேயர், அண்ணன் வீட்டுப் பிளேயர், மண்டபத்துப் பிளேயர். எந்தக் குரல் கேட்கிறதோ அது அங்கே செல்லும். எந்தக் குரல் கேட்கவில்லையோ அது அங்கே செல்லாது. இதற்குமேல் யாரும் உங்களிடம் "சார், அது வந்து, கம்பேட்டிபிலிட்டி பிராப்ளம்" என்று குழப்பிவிட முடியாது. உங்கள் குரலே உங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும்!

அடுத்து, உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம். இங்கேயும் ஒரே ஒரு கேள்விதான். தொடக்கத்தில் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, கடைசியிலும் அதே அளவா? அப்படியானால் அது வெறும் தாமதம். எடிட்டிங்கில் ஒலியை அத்தனை மில்லி விநாடி நகர்த்தினால் தீர்ந்தது. தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகுகிறதா? அப்படியானால் இரண்டின் வேகமும் வேறு. நகர்த்திப் பயன் இல்லை. நகர்த்தினால் கடைசி சரியாகி முதல் கெடும். நொடிக்கு 30 ஃபிரேம் என்று நினைத்ததை 29.97-ல் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் மூன்றரை விநாடிக்கு மேல் விலகிவிடும். தாலி கட்டுவதற்கு முன்பே கெட்டிமேளம்! செல்போன் வீடியோக்கள் ஃபிரேம் வேகத்தை நினைத்தபடி கூட்டிக் குறைத்துப் பதியும். அவற்றை முதலில் ஒரே சீரான வேகத்துக்கு, நம் ஊருக்கென்றால் நொடிக்கு 25-க்கு, மாற்றிவிட்டுப் பிறகு எடிட்டிங்கில் கை வையுங்கள். எம்பி3 ஒலி கொண்ட பழைய ஏவிஐ கோப்புகளும் இதே சேட்டை செய்யும், குறிப்பாக எம்பி3 ஏறி இறங்கும் பிட் அளவில் பதிந்திருந்தால். ஒலியைத் தனியே பிரித்து வேவ் கோப்பாக்கிவிட்டால் அடங்கும்.

எந்த ஒலி வகையைத் தேர்ந்தெடுப்பது? கணக்குப் போடுங்கள். 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சானல்: பெருக்கினால் எல்பிசிஎம் நொடிக்கு 1,536 கிலோபிட். இரண்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.4 ஜிபி. டிவிடியின் மொத்தக் கொள்ளளவே 4.7 ஜிபி. படத்துக்கு இடம் சுருங்கி முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். 192 கிலோபிட் ஏசி-3 என்றால் அதே இரண்டு மணி நேரத்துக்கு 173 எம்பிதான். அரை மணி நேரக் கச்சேரி என்றால் தாராளமாக எல்பிசிஎம் போடுங்கள், சுத்தமாக இருக்கும். நீண்ட கல்யாணம் என்றால் ஏசி-3. படம், ஒலி எல்லாம் சேர்ந்து நொடிக்கு 10.08 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். தாண்டினால் பூமாரி பொழிகிற காட்சியில் சத்தம் விக்கும். எம்பி2 நம் ஊர்ப் பிளேயர்களில் ஓடும். ஆனால் நம் ஊரோடு நிற்பதில்லையே டிவிடி.

நியூ ஜெர்சியில் இருக்கும் மகளுக்கு அனுப்ப வேண்டும் என்றால் இரண்டு விஷயம். நம்முடையது பால் முறை: 720-க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்காவும் கனடாவும் என்டிஎஸ்சி: 720-க்கு 480, 29.97 ஃபிரேம். என்டிஎஸ்சி டிவிடியில் எல்பிசிஎம் அல்லது ஏசி-3 ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். எம்பி2 மட்டும் வைத்தால் விதிப்படி அது செல்லாத தட்டு. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, லண்டன் என்றால் பாலே போதும். எங்கே அனுப்பினாலும் ஏசி-3 போட்டால் கவலை இல்லை. "ரீஜன் கோடு பிரச்சினை" என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுங்கள். நீங்கள் வீட்டில் செய்த டிவிடியில் மண்டலப் பூட்டே கிடையாது.

இந்த ஏசி-3-ஐத் தந்த டால்பியின் கதை, "பட்டம் இருந்தால்தான் இதெல்லாம்" என்கிறவர்களுக்காக. ரே டால்பி 1933-ல் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போதே ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் வேலைக்குப் போனார். 1956-ல் ஆம்பெக்ஸ் உலகுக்குக் காட்டிய வீடியோ டேப் ரெக்கார்டரை உருவாக்கிய சின்னக் குழுவில் அவரும் இருந்தார். அப்போது கையில் பட்டம் இல்லை. ஸ்டான்ஃபோர்டும் கேம்பிரிட்ஜ் டாக்டர் பட்டமும் பிறகுதான். அதன்பின் ஐ.நா. ஆலோசகராக 1963 முதல் 1965 வரை அவர் வேலை பார்த்த நாடு எது தெரியுமா? இந்தியா! இங்கிருந்து லண்டன் போய், 1965-ல் டால்பி லேபரட்டரீஸைத் தொடங்கினார். ஏசி-3-யின் காப்புரிமைகளும் 2017-ல் காலாவதியாகிவிட்டன. ஒரு காலத்தில் எடிட்டிங் மென்பொருள்கள் இதற்குத் தனிக் காசு கேட்டன. அதனாலேயே அந்தக் காலத்து வீட்டு டிவிடிகளில் எம்பி2-வும் எல்பிசிஎம்மும் அதிகம். இன்று எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில் பால்-டிவிடி என்று இலக்கை மட்டும் சொன்னால் போதும். 25 ஃபிரேம், 48 கிலோஹெர்ட்ஸ், ஏசி-3 என்று எல்லாவற்றையும் அதுவே அமைத்துக்கொள்ளும். கருவி இலவசம், அறிவு இலவசம். இனி என்ன சாக்கு மிச்சம் இருக்கிறது?

சத்தம் வருகிறது, ஆனால் சினிமா டிவிடியை விடத் தாழ்ந்து வருகிறதா? ஏசி-3 செய்யும்போது டயலாக் நார்மலைசேஷன் என்ற எண் எவ்வளவு என்று பாருங்கள். −31 என்றால் பிளேயர் எதையும் குறைக்காது. −27 என்றால் 4 டெசிபல் குறைத்துத்தான் தரும். மாற்றிவிடுங்கள். சில விநாடிக்கு ஒருமுறை அறுந்து அறுந்து வருகிறதா? மூலக் கோப்பு சரியாக ஓடினால், எரித்த விதம்தான் காரணம். பெயர் தெரியாத மலிவுத் தட்டை உச்ச வேகத்தில் எரிக்காதீர்கள். 16 மடங்கு வேகத் தட்டை 8-ல் எரியுங்கள். ஃபைனலைஸ் செய்யாமல் வெளியே எடுக்காதீர்கள். தட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டவே ஒட்டாதீர்கள். சுழலும்போது ஆட்டம் கொடுக்கும். மார்க்கர் பேனா போதும். மூலக் கோப்பை ஹார்ட் டிஸ்கில் இரண்டு இடத்தில் வையுங்கள். எரித்த தட்டின் சாயம் ஆண்டுகள் போகப் போக மங்கும். பரண் வெக்கையில் கிடப்பவை இன்னும் சீக்கிரம். அதனால்தான் சொல்கிறேன், அடுத்த லீவுக்கு என்று தள்ளாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்குங்கள், உள்ளிருப்பதைக் கம்ப்யூட்டரில் நகல் எடுங்கள், பிறகு பழுது பாருங்கள்.

நீங்களே செய்யாமல் ஸ்டுடியோவில்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றாலும் தலை நிமிர்ந்து போங்கள். கவுன்ட்டரில் நின்று, குரலைத் தாழ்த்தாமல், இதைச் சொல்லுங்கள்: "தம்பி, ஏசி-3 ஸ்டீரியோ, 48 கிலோஹெர்ட்ஸ், பால். முதல் தடத்துல டிடிஎஸ் வேண்டாம். எல்லா வீடியோவுக்கும் ஆடியோ ஒரே மாதிரி இருக்கணும். எட்டு ஸ்பீடுல எரிச்சு ஃபைனலைஸ் பண்ணிடுங்க. ஒரிஜினல் ஃபைல் இந்தப் பென் டிரைவ்ல வேணும். காசு கொடுக்கறதுக்கு முன்னாடி, அந்த ஓரத்துல இருக்கற பழைய பிளேயர்ல போட்டுக் காட்டுங்க. கெட்டிமேளத்தை மட்டும் கேட்டுட்டுப் போறேன்."